சாமுராயின் சாமுராய்கள்: கடிதம்

அன்புள்ள ஐயா,

சாமுராய்கள் பற்றிய உங்கள் குறிப்பை வாசித்தேன். பிரபுவுக்காக உயிரைக் கொடுத்தார்கள், சரி. அந்தப் பிரபுவே தோற்றுப்போனால் இவர்கள் வீட்டில் உலை எப்படிக் கொதிக்கும்? அதை யாரும் எழுதுவதில்லையே.

ஒரு வாசகர், கோவை

அன்புள்ள நண்பருக்கு,

உலையிலிருந்தே தொடங்கலாம். சாமுராய்க்குச் சம்பளமே அரிசிதான். ஓர் ஆள் ஓராண்டு சாப்பிடும் அரிசிக்கு ஒரு ‘கொக்கு’ என்று பெயர்; பறவையல்ல, ஜப்பானிய அளவு. குடும்பத்தின் அந்தஸ்தையும் கொக்குக் கணக்கில்தான் சொல்வார்கள்.

கதாகுரா குடும்பத்தைப் பாருங்கள். முதல் தலைவர் ககெத்சுனா ஒரு ஷிந்தோ கோயில் பூசாரியின் மகன். வடக்கு ஜப்பானில் சென்டாய்ப் பகுதியை ஆண்ட தாதே மசமுனே பிரபுவிடம் சேவகம் செய்து 1602இல் ஷிரோயிஷி கோட்டையைப் பெற்றார். 1615இல் இறந்தபோது சமாதிக்குக் கல் நடவில்லை. எதிரிகள் தோண்டிவிடுவார்கள் என்று அடையாளத்துக்கு ஒரு சுகி (ஜப்பானிய தேவதாரு வகை) மரம்தான் என்கிறார்கள் ஊர்க்காரர்கள். மரம் இன்றும் நிற்கிறது. மகன் ஷிகெனகா அதே ஆண்டு ஒசாகா போரில் எதிரணித் தளபதி சனதா யுகிமுராவின் படையோடு மோதியவர். அப்புறம் அந்த யுகிமுராவின் மகளையே மணந்துகொண்டார்! இந்த மனிதர்களை விசுவாசம் என்ற ஒற்றைச் சொல்லுக்குள் அடைக்க என்னால் முடியவில்லை.

அடுத்த இரண்டரை நூற்றாண்டு பெரும்பாலும் அமைதி. 1868 உள்நாட்டுப் போரில் தாதேக்களின் சென்டாய் தோற்ற பக்கம். அவர்களுடைய நிலத்தின் மதிப்பு 6,20,000 கொக்கிலிருந்து 2,80,000 ஆனது. ஷிரோயிஷியும் கையைவிட்டுப் போனது. கதாகுராக்களே தாதேக்களின் சேவகர்கள், அவர்களுக்குக் கீழே இன்னும் எத்தனையோ சாமுராய் வீடுகள். அடி அங்கேதான் பலமாக விழுந்தது. ஊரில் தங்கினால் குடியானவர்களாகிவிட வேண்டும், வடக்குத் தீவான ஹொக்கைடோவில் காடு திருத்தப் போனால் சாமுராய் என்ற பெயராவது மிஞ்சும். பலர் கிளம்பினார்கள்.

1871இல் சுமார் 400 பேர் கன்ரின் மாருவில் ஏறினார்கள். 1860இல் பசிபிக்கைக் கடந்து சான் பிரான்சிஸ்கோ போய்வந்த அதே புகழ்பெற்ற கப்பல். ஹொக்கைடோவின் ஹக்கொடாதே துறைமுகம் தாண்டியதும் பாறையில் மோதி நின்றது. ஆட்கள் கரையேறினார்கள், கப்பல் மூழ்கியது. வேறு கப்பல் பிடித்துப் போய், சப்போரோவுக்கு வெளியே காட்டை வெட்டிக் குடிசை போட்டார்கள். அவர்கள் உழைப்பைப் பார்த்த அதிகாரி அந்தக் கிராமத்துக்கு ஷிரோயிஷி என்றே பெயர் வைத்தார். இன்று அது சப்போரோ நகரின் ஒரு வட்டம், மெட்ரோ நிலையமும் உண்டு.

உலைக்கு வருகிறேன். அந்தக் குளிரில் அப்போது நெல் சாகுபடி இன்னும் காலூன்றவில்லை. கொக்குக் கணக்கில் வாழ்ந்த வீட்டுப் பிள்ளைகள் மண்வெட்டியோடு வேறு பயிர்களைப் பார்க்க வேண்டியிருந்தது.