மணிமேகலை எங்கே போனாள்?

வணக்கம்.

‘பொன்னியின் செல்வ’னைப் பள்ளி நாட்களிலேயே படித்து, அதன் பிறகும் பல தடவை திரும்பிப் போய்ப் படித்தவன் நான். படத்தின் இரண்டு பாகங்களையும் பார்த்தேன். பிரமாதமாக எடுத்திருக்கிறார்கள். ஆனாலும் மனம் நிறையவில்லை. வந்தியத்தேவனைக் காதலிக்கும் மணிமேகலை படத்தில் இல்லவே இல்லை. சேந்தன் அமுதன் நாவலின் முடிவில் யாராகத் தெரியவருகிறானோ, அந்தத் திருப்பமும் இல்லை. இதை நண்பர் ஒருவரிடம் சொன்னதும் கோபித்துக்கொண்டார். “நாவல் வேறு, படம் வேறு. ஒப்பிடுகிறவனுக்கு சினிமா பார்க்கத் தெரியவில்லை என்றுதான் அர்த்தம்” என்றார். அவர் சொல்வது சரியா? நாவல், சிறுகதைகளிலிருந்து வந்த படங்களில் உங்களுக்குப் பிடித்தவை எவை? முதலில் படித்துவிட்டுப் பார்ப்பதா, பார்த்துவிட்டுப் படிப்பதா?

அன்புடன்,
ச.

அன்புள்ள ச.,

ஒப்பிடலாம், தாராளமாக. ஒரு நாவலின் பெயரையே படத்துக்கு வைத்து, அதன் வாசகர்களைத் திரையரங்குக்கு வரவழைத்த பிறகு, “படித்ததை மறந்துவிட்டுப் பாருங்கள்” என்று கேட்பதில் நியாயமில்லை. படித்தவன் மனதில் நாவல் ஒரு பக்கம் ஓடிக்கொண்டுதான் இருக்கும். உங்கள் நண்பரின் கோபம் எங்கிருந்து வருகிறது என்று எனக்குப் புரிகிறது. ‘இது இல்லை, அது இல்லை’ என்று கணக்குப் பார்ப்பவர்களைக் கேட்டு அவர் சலித்துப் போயிருப்பார். ஆனால் ஒப்பிடுவதில் கணக்குப் பார்ப்பது ஒரு வகை மட்டும்தான், அதுவும் ஆகக் குறைவாகப் பயன் தருவது.

உங்கள் உதாரணத்தையே எடுத்துக்கொள்வோம். 1950 முதல் 1954 வரை ‘கல்கி’ இதழில் வாராவாரம் வந்து ஐந்து பாகங்களாக நிற்கும் நாவல். படங்கள் இரண்டும் சேர்ந்து ஏறக்குறைய ஐந்தரை மணி நேரம். யாரையாவது விட்டுத்தான் ஆக வேண்டும். வந்தியத்தேவன் மடியில் மணிமேகலை உயிர் விடும் அந்தக் கடைசிப் பக்கங்களுக்காக எனக்கும் வருத்தம் உண்டு. ஆனால் மணிமேகலையைச் சேர்த்திருந்தாலும் உங்கள் மனம் நிறைந்திருக்காது என்று நினைக்கிறேன். உங்களுக்குக் குறைந்தது கல்கியின் குரல்.

நாவலின் முதல் பக்கத்தை ஞாபகப்படுத்திப் பாருங்கள். வாசகரைக் கற்பனை ஓடத்தில் ஏற்றி ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் கூட்டிக்கொண்டு போகிறார். ஆடிப்பெருக்கு. வீரநாராயண ஏரி. குதிரை மேல் ஒரு வாலிபன், வாயைப் பிளந்துகொண்டு வேடிக்கை பார்க்கிறான். எங்கே போனாலும் கல்கி நம் தோளில் கை போட்டபடியே வருகிறார். நடுவில் நிறுத்துகிறார், சரித்திரம் சொல்கிறார், ‘கொஞ்சம் பொறுங்கள்’ என்று சமாதானப்படுத்திவிட்டு வேறொருவனைப் பின்தொடர்ந்து போய்விடுகிறார். அந்த நாவலின் முதல் கதாபாத்திரமே அவர்தான். மணிரத்னத்தின் படம் போரில் தொடங்குகிறது, ஆதித்த கரிகாலனின் ஆவேசத்தில். அங்கேயே தெரிந்துவிடுகிறது, இது ஒரு வழிப்போக்கனின் குதூகலத்தைப் பற்றிய படம் இல்லை, சிம்மாசனத்தைச் சுற்றி எரிந்துகொண்டிருக்கும் மனிதர்களைப் பற்றிய படம் என்று. கரிகாலனும் நந்தினியும் சந்திக்கும் காட்சியில் இந்தத் தேர்வுக்குப் பலன் கிடைக்கிறது. வந்தியத்தேவன் வெறுமனே சுற்றித் திரியும் நேரங்களில் அதன் விலை தெரிகிறது. நாவலைப் படித்திருந்ததால்தான் இதை என்னால் பார்க்க முடிந்தது. ஒப்பிடக் கூடாது என்றால் இதைப் பேசவே வழியில்லை.

நான் ஒப்பிடும்போது கேட்டுக்கொள்வது, மூலத்தில் இருந்ததை நீக்கிய இடத்தில் இயக்குநர் எதை வைத்தார் என்பதைத்தான். பிடித்த படங்களைக் கேட்டீர்கள் அல்லவா, அதோடு சேர்த்தே சொல்கிறேன்.

மகேந்திரனின் ‘உதிரிப்பூக்கள்’ (1979) என் பட்டியலில் எப்போதும் மேலே இருக்கும். புதுமைப்பித்தனின் ‘சிற்றன்னை’தான் அதற்கு மூலம். கணக்குப் பார்க்கிற வாசகர் அந்தக் குறுநாவலை வைத்துக்கொண்டு படத்தைப் பார்த்தால் தலை சுற்றிப் போவார். தாயில்லாப் பிள்ளைகளும் இளவயதுச் சித்தியும் இருக்கிற வீட்டைப் பற்றி எழுதினார் புதுமைப்பித்தன். சுந்தரவடிவேலு அங்கே ஒரு பேராசிரியர். படத்தின் பெரும்பகுதியில் தாய் உயிரோடு இருக்கிறாள். சித்தி வருவது கதை பாதி தாண்டிய பிறகு. சுந்தரவடிவேலு ஒரு கிராமமே பயப்படுகிற மனிதனாக மாறியிருக்கிறார். கடைசியில் ஊர் கூடி அவரை ஆற்றுக்குக் கூட்டிக்கொண்டு போகிற காட்சி முழுக்க மகேந்திரனுடையது.

அப்படியானால் ‘சிற்றன்னை’யிலிருந்து எதைத்தான் எடுத்தார்? பெரியவர்கள் தங்கள் வாழ்க்கையை இழுத்துக்கொண்டு அல்லாடும்போது குழந்தைகள் கீழேயிருந்து அதைப் பார்த்துக்கொண்டே இருக்கும் அந்தப் பார்வையை எடுத்தார். புதுமைப்பித்தன் குழந்தைகளைக் கொஞ்சி எழுதியவர் இல்லை. அவர்களுக்கும் தனியாக ஒரு புத்தி ஓடுகிறது, அதைப் பெரியவர்கள் கவனிப்பதில்லை என்று எழுதினார். படத்தில் அந்தப் பெண் குழந்தை தம்பியை அழைத்துக்கொண்டு நடக்கும்போதெல்லாம் இது வந்துவிடுகிறது. ஒரு வசனமும் தேவைப்படவில்லை. சம்பவங்களை ஏறக்குறைய மொத்தமாக விட்டுவிட்டு, மூலத்தின் உயிரை மட்டும் கொண்டுவந்த படம் தமிழில் இதைவிடச் சிறப்பாக எனக்குத் தெரியாது.

அதற்கு முந்தின வருஷம் வந்த மகேந்திரனின் ‘முள்ளும் மலரும்’ படத்திலும் இதே துணிச்சல். உமாசந்திரனின் நாவலில் நாயகன் காளியின் கையைப் புலி பறித்துவிடும். படத்தில் லாரி ஏறிப் போகிறது. சின்ன மாற்றம் மாதிரி தெரியும். புலி என்றால் அது விதி, சாகசம். லாரி என்றால் குடித்துவிட்டு ரோட்டில் கிடந்தவனின் சொந்தக் கதை. அதன் பிறகு அவன் யார் மேலும் பழி போட முடியாமல் பொருமுவதெல்லாம் இந்த மாற்றத்தால் வருகிறது.

எல்லா மாற்றமும் இப்படி லாபத்தில் முடியும் என்று சொல்லவில்லை. எனக்கு இன்னும் தீராத ஒரு வழக்கு உண்டு: பூமணியின் ‘வெக்கை’யும் (1982) வெற்றிமாறனின் ‘அசுர’னும் (2019). நாவல் சிதம்பரம் என்கிற பையனுடையது. அண்ணனைக் கொன்றவனை வெட்டிவிட்டு ஓடுகிறான். அப்பாவும் மகனும் காட்டிலும் மலையிலும் ஒளிந்து திரியும் சில நாட்கள்தான் கதை. கொலை முதல் சில பக்கங்களிலேயே முடிந்துவிடும். மீதியெல்லாம் பசி, தண்ணீர், சமையல், மிருகங்கள், பழைய பேச்சு. அய்யா மகனிடம் பேசுகிற விதத்தில் ஒரு சிறுவன் மெல்ல மெல்லப் பெரியவனாகிறான். கொலை செய்தவன் இன்னும் குழந்தைதான் என்பதும், அவனைச் சுற்றியிருக்கிற மொத்தச் சொந்தமும் அவனைத் தாங்கிக்கொள்கிறது என்பதும்தான் அந்த நாவலைப் படித்து முடித்த பிறகு என்னிடம் தங்கியவை.

படம் அப்பாவினுடையது. தனுஷ் நடிக்கும் சிவசாமிக்கு ஒரு முன்கதை வருகிறது. நிலம், சாராயம், எரிக்கப்பட்ட குடிசைகள், செருப்பு போட்டு நடந்ததற்காக அவமானப்படுத்தப்பட்ட ஒரு பெண். இப்படி ஒரு முன்கதை நாவலில் இல்லை. பூமணி சாதியின் பெயரை எங்கும் உரக்கச் சொல்வதில்லை. சொல்லாமலே எழுதியதுதான் அவருடைய பலம். வெற்றிமாறன் அதைச் சொல்ல வேண்டும் என்று முடிவு செய்தார். லட்சக்கணக்கானவர்கள் உட்கார்ந்து பார்க்கிற இடத்தில் அந்தச் செருப்புக் காட்சியை வைத்ததை நான் மதிக்கிறேன். நாவலைப் படிக்கிறவனுக்குச் சொல்லாமலே புரிவது, அரங்கில் இருக்கிற எல்லோருக்கும் புரிந்துவிடும் என்று நம்பி விட்டுவிட முடியாது.

ஆனால் சிவசாமி வேல்கம்பைத் தூக்கிக்கொண்டு எழுந்து நிற்கிற இடத்தில் அரங்கமே விசில் அடிக்கிறதே, அங்கே ‘வெக்கை’ என் கையிலிருந்து நழுவிப் போனது. பூமணியின் நாவலில் வன்முறைக்கு யாரும் கைதட்ட முடியாது. அருவாள் பட்ட இடத்தில் ஒரு பையனின் பயம்தான் இருக்கிறது, கூடவே கொஞ்சம் பெருமையும். படம் அந்தப் பையனை அப்பாவின் வீரத்துக்குச் சாட்சியாக்கிவிட்டது. கடைசியில் படிப்பைப் பற்றி சிவசாமி மகனிடம் சொல்கிற வார்த்தைகள் எனக்கும் தொண்டையை அடைத்தன, மறுக்கவில்லை. அந்த விசிலும் இந்த வார்த்தைகளும் ஒரே படத்துக்குள் ஒத்துப்போகவில்லை என்பதுதான் என் குறை. இதைச் சொல்ல ‘வெக்கை’ எனக்குத் தேவைப்படுகிறது. படத்தை மட்டும் பார்த்திருந்தால், வேறு எப்படி எடுத்திருக்க முடியும் என்றே தோன்றியிருக்காது.

‘நாவலாசிரியருக்குத் துரோகம்’ என்று சிலர் பேசுவார்கள். அந்தச் சொல்லை நான் எடுப்பதே இல்லை. எழுதியவரே தன் கதையைத் திருப்பிப் போட்டதை நாம் பார்த்திருக்கிறோமே. ஜெயகாந்தனின் ‘அக்கினிப் பிரவேசம்’ 1966-இல் ஆனந்த விகடனில் வந்தது. மழையில் காரில் ஏறிய பெண் கெட்டுப்போய் வீடு திரும்புகிறாள். அம்மா தலையில் தண்ணீர் ஊற்றி, நீ சுத்தமாகிவிட்டாய் என்று சொல்லி வெளியே தெரியாமல் காப்பாற்றிவிடுகிறாள். கடும் எதிர்ப்பு. அப்புறம் அவரே, அந்த அம்மா அப்படிச் செய்யாமல் விஷயத்தை ஊருக்கே தெரியவிட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்து ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ எழுதினார். அந்தச் சிறுகதையை எழுதிய எழுத்தாளரையே ஆர்.கே.வி. என்று ஒரு பாத்திரமாக்கி நாவலுக்குள் உட்கார வைத்தார். பீம்சிங் படமாக எடுத்தபோது திரைக்கதையும் ஜெயகாந்தனே. ஆர்.கே.வி.யாக நாகேஷ், நாயகி கங்காவாக லட்சுமி. லட்சுமிக்கு அதற்காக தேசிய விருது கிடைத்தது. ஒரு கதைக்குள் இன்னும் எத்தனை கதைக்கு இடமிருக்கிறது என்று அதன் ஆசிரியரே தேடிப் போகும்போது, இயக்குநருக்கு மட்டும் அந்த உரிமை கிடையாது என்று எப்படிச் சொல்வது?

தமிழுக்கு வெளியே பிடித்தவை நிறைய, இரண்டோடு நிறுத்திக்கொள்கிறேன். குரோசாவாவின் ‘ராஷோமோன்’ (1950) ஜப்பானிய எழுத்தாளர் அகுதாகவாவின் இரண்டு சிறுகதைகளைச் சேர்த்து எடுத்தது. கொலையைப் பற்றிய கதையில் வாக்குமூலங்கள் மட்டும்தான், ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாமல் அப்படியே முடிந்துவிடும். குரோசாவா விறகுவெட்டிக்கு இன்னொரு வாக்குமூலம் கொடுத்தார், கடைசியில் கைவிடப்பட்ட ஒரு குழந்தையையும் வைத்தார். அந்தக் குழந்தை வேண்டாம் என்று சொல்கிறவர்கள் உண்டு. அகுதாகவாவின் கசப்பைத் தாங்க முடியாமல் குரோசாவா கை நீட்டிய இடமாகத்தான் நான் அதைப் பார்க்கிறேன். எனக்கு அது வேண்டும்.

இன்னொன்று சத்யஜித் ராயின் ‘பதேர் பாஞ்சாலி’ (1955). விபூதிபூஷணின் நாவலில் துர்கா கடைசிவரை ரயிலைப் பார்ப்பதில்லை. நோயில் கிடக்கும்போது, ஒரு நாள் எனக்கு ரயில் காட்டுவாயா என்று தம்பியிடம் கேட்கிறாள். ராய் அக்காவையும் தம்பியையும் நாணல் பூத்த வெளியில் ஓடவிடுகிறார். அவள் தடுக்கி விழுந்து பின்தங்க, ரயிலுக்குப் பக்கத்தில் போய்ச் சேர்வது தம்பி அபு மட்டும்தான். நாவல் ஒரு கேள்வியில் வைத்ததைப் படம் ஓட்டத்தில் வைத்தது. எது மேல் என்று என்னைக் கேட்காதீர்கள், இரண்டும் எனக்கு வேண்டும்.

சரி, உங்கள் கடைசிக் கேள்வி. முதலில் படியுங்கள் என்பதுதான் என் பழக்கத்திலிருந்து வரும் பதில். படம் பார்த்துவிட்டால் முகங்கள் உறைந்துவிடும். கொத்தமங்கலம் சுப்புவின் ‘தில்லானா மோகனாம்பாள்’ நாவலை இன்று யார் எடுத்தாலும் சிவாஜியும் பத்மினியும் வராமல் ஒரு பக்கம் நகராது. ஆனால் அது விகடனில் தொடராக வந்தபோது படித்தவர்களுக்கு ஓவியர் கோபுலு ஏற்கெனவே முகங்களைக் கொடுத்திருந்தார். ‘பொன்னியின் செல்வ’னுக்கு ஓவியர் மணியம். குந்தவையின் கொண்டையை இது என் கற்பனை என்று நாம் காப்பாற்றி வைத்திருக்கிறோமே, அதில் மணியத்தின் தூரிகைக்கும் பங்கு உண்டு. அந்த நாவலை முதலில் கண்ணுக்குக் காட்டியவர் அவர்தான். அதனால் முகங்கள் உறைந்துவிடும் என்பதற்காகப் படத்தைத் தள்ளிப்போட வேண்டாம். முதலில் படிக்கச் சொல்வதற்கு என் காரணம் வேறு. படம் பார்த்தவன் நாவலில் ‘அடுத்து என்ன’ என்று தேட மாட்டான், பாதியில் விட்டுவிடுவான். படித்தவன் கட்டாயம் படத்தைப் பார்ப்பான், சண்டை போடுவதற்காகவாவது.

‘சிற்றன்னை’ படித்திருக்கிறீர்களா என்று உங்கள் கடிதத்திலிருந்து தெரியவில்லை. இல்லையென்றால் படித்துவிட்டு ‘உதிரிப்பூக்கள்’ பாருங்கள். சின்னப் புத்தகம்தான், ஒரே மாலையில் முடிந்துவிடும். முடிந்தால் உங்கள் நண்பரையும் படிக்கச் சொல்லுங்கள். இந்த இரண்டையும் ஒப்பிடக் கூடாது என்று அப்போதும் சொல்கிறாரா என்று கேட்டு எழுதுங்கள்.