ரிக்கர் பயிற்சியில் எதை முக்கியமாகக் கவனிக்க வேண்டும்?

சிங்கப்பூரில் ரிக்கர் வேலைக்கு, அதாவது கிரேன் தூக்கும் சுமையைக் கட்டும் வேலைக்குப் போகிறேன், பயிற்சியில் எதைக் கவனமாகப் படிக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். அங்கே 2011-ஆம் ஆண்டு வந்த கிரேன் இயக்க விதிகளின்படி ரிக்கர், கிரேன் ஆபரேட்டருக்குச் சைகை காட்டும் சிக்னல்மேன் இருவருமே உரிய பயிற்சி முடித்திருக்க வேண்டும்.

என்னைக் கேட்டால், முதலில் ஸ்லிங் கோணம், அதாவது சுமையைக் கொக்கியில் மாட்டும் கயிறோ பட்டையோ எந்தச் சாய்வில் இருக்கிறது என்பது. 2 டன் சுமையை இரண்டு ஸ்லிங்கில் தூக்கினால் ஒவ்வொன்றிலும் 1 டன் என்றுதான் தோன்றும். இரண்டும் செங்குத்தாகத் தொங்கினால் மட்டுமே அந்தக் கணக்கு சரி. கிடைமட்டத்திலிருந்து 60 டிகிரியில் ஒவ்வொன்றிலும் சுமார் 1.15 டன் இழுவை. 30 டிகிரியில் முழுசாக 2 டன். சுமை ஒரு கிலோகூடக் கூடவில்லை, இழுவை இரட்டிப்பாகிவிட்டது. ஸ்லிங் படுத்தாற்போல் தெரிந்தால் நீளமான ஸ்லிங் கேளுங்கள்.

அப்புறம், கட்டும் முன் பட்டை ஸ்லிங்கை முழு நீளமும் விரித்துப் பாருங்கள். வெட்டு இருந்தாலோ, தையல் பிரிந்திருந்தாலோ, எடை அளவு எழுதிய லேபிள் கிழிந்து போயிருந்தாலோ அதைத் தொடவே வேண்டாம். சுமையைத் தரையிலிருந்து கொஞ்சமாகத் தூக்கி நிறுத்துங்கள். ஒரு பக்கம் சரிந்தால், கொக்கி எடை மையத்துக்கு நேர்மேலே இல்லை. இறக்கிவிட்டு மறுபடி கட்டுங்கள்.

'நிறுத்து' என்ற சைகையை மட்டும் யார் காட்டினாலும் ஆபரேட்டர் நிறுத்தியாக வேண்டும். நேற்று வேலைக்கு வந்தவரும் காட்டலாம். தயவுசெய்து தயங்காதீர்கள்.