மூளை ஒப்பரேஷனில் ஏற்றுகிற பச்சை மருந்து எதற்கு, பயப்பட வேண்டுமா?

அம்மாவுக்கு மூளையில் ரத்தக்குழாய் வீங்கியிருக்கிறது, கிளிப் போடும்போது பச்சை மருந்து ஏற்றிப் பார்ப்போம் என்கிறார்கள், அம்மாவுக்கு றால் வேறு ஒத்துக்கொள்ளாது, என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். நான் அம்பாறை மாவட்டத்து நாவிதன்வெளிப் பக்கம், இப்போது வெளிநாட்டில் மூளை சத்திரசிகிச்சை தியேட்டரில் தாதியாக இருக்கிறேன். அந்த மருந்தைக் கரைத்துக் கொடுப்பதே எங்கள் வேலைதான்.

அதன் பெயர் இந்தோசயனின் கிரீன். புதிய மருந்தில்லை, ஈரலும் இதயமும் எப்படி வேலை செய்கின்றன என்று பார்க்க 1959இலேயே அமெரிக்காவில் அனுமதித்தது. ஒப்பரேஷனின்போது இதை ஏற்றி மூளை ரத்தக்குழாயைக் கமராவில் பார்க்கும் முறையை ராபே என்ற டொக்டரும் அவருடைய குழுவும் 2003இல் எழுதினார்கள், அந்தக் கமராவை ஒப்பரேஷன் நுணுக்குக்காட்டியோடு சேர்த்துப் பார்த்ததை 2005இல் எழுதினார்கள்.

ஏன் தேவை என்றால், வீக்கத்துக்குள் ரத்தம் போகாமல் அதன் கழுத்தில் கிளிப் போட்டதும் பார்வைக்கு எல்லாம் சரியாகத்தான் இருக்கும், ஆனால் வீக்கத்துக்குள் இன்னும் ரத்தம் கசிந்து போகலாம், அல்லது பக்கத்தில் தலைமுடி மாதிரி ஓடுகிற ஒரு சின்னக் குழாய் கிளிப்புக்குள் அகப்பட்டு, அது போய்ச் சேரும் மூளைப்பகுதி ரத்தமில்லாமல் செத்து, கை கால் இழுத்துக்கொள்ளலாம். எங்கள் அப்பா வட்டவிதானையாக, அதாவது வயல்களுக்குத் தண்ணீர் பங்கிடுகிறவராக இருந்தவர். துருசை (குளத்து மதகை) திறந்தாயிற்று என்று வீட்டுக்கு வரமாட்டார், கடைசி வயல் வக்கடையில் (வரப்பில் தண்ணீர் பாயும் வாயில்) தண்ணீர் ஏறுவதைக் கண்ணால் கண்டால்தான் வருவார். இதுவும் அப்படித்தான்.

மருந்தை நாளத்தில் ஏற்றியதும் தியேட்டர் வெளிச்சத்தைக் குறைத்துவிட்டு எல்லோரும் திரையைப் பார்ப்போம். மருந்து பச்சை, ஆனால் அது விடும் ஒளி கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு, கமராவுக்கு மட்டும்தான் தெரியும். அதனால் கறுப்புத் திரையில் முதலில் இதயத்திலிருந்து ரத்தம் கொண்டுவரும் நாடிகள் வெள்ளையாக எரியும், அப்புறம் ரத்தத்தைத் திருப்பிக் கொண்டுபோகும் நாளங்கள். வீக்கம் மட்டும் கறுப்பாகவே கிடந்தால் கிளிப் சரி. எரிய வேண்டிய சின்னக் குழாய் எரியவில்லை என்றால் டொக்டர் உடனே கிளிப்பைக் கழற்றி மாற்றிப் போடுவார். மண்டையோடு திறந்திருக்கும்போதே திருத்த முடிகிறதே, இதன் முழுப் பெறுமதியும் அதில்தான். மருந்து ஏறியதும் விரலில் மாட்டியிருக்கும் ஒட்சிசன் மீட்டர் சற்று இறங்கிக் காட்டும். அது மருந்தின் நிறத்தால் வருவது, உண்மையில் ஒட்சிசன் குறைவதில்லை.

ஆனால் நுணுக்குக்காட்டிக்கு நேரே தெரிகிற இடம்தான் எரியும். கிளிப்புக்குப் பின்னால் மறைந்திருப்பதும், சுவர் தடித்துச் சுண்ணாம்பு படிந்த குழாயும் சரியாகத் தெரியாது. அதனால் டொப்ளரும் (ரத்த ஓட்டத்தைச் சத்தமாகக் கேட்கவைக்கும் கருவி) வைத்துப் பார்ப்பீர்களா, பிறகு அஞ்சியோகிராம் (ரத்தக்குழாயில் மருந்து ஏற்றி எடுக்கும் எக்ஸ்ரே படம்) எடுப்பீர்களா என்று டொக்டரிடம் தயங்காமல் கேளுங்கள்.

மருந்து ஈரல் வழியாகப் பித்தத்தில் கலந்து போய்விடும், சிறுநீரகத்துக்குப் பாரமில்லை. கடுமையான ஒவ்வாமை அரிதுதான், ஆனால் வந்ததுண்டு. இந்த மருந்தில் அயடீனின் ஒரு வடிவமான அயடைட் கொஞ்சம் இருக்கிறது. றால் ஒவ்வாமை என்பது றாலின் புரதத்தால் வருவது, அயடீனால் இல்லை, ஆகவே அதை மட்டும் வைத்து இந்த மருந்து கூடாது என்று முடிவெடுக்க வேண்டியதில்லை. ஆனாலும் மயக்க மருந்து டொக்டரிடம் றாலையும் சொல்லுங்கள், முன்பு ஸ்கேனுக்கு மருந்து ஏற்றி அம்மாவுக்கு உடம்பு தடித்ததா, மூச்சு முட்டியதா என்பதை அதைவிட முக்கியமாகச் சொல்லுங்கள்.

ஒப்பரேஷன் திகதி குறித்ததும் இங்கேயே எழுதுங்கள், வேறு கேள்வி இருந்தாலும் பதில் சொல்கிறேன்.