ஹட்டனில் டொங்கிள் எடுபடுமா?

இந்தியாவில் பாவித்த ஜியோஃபையை (ஜியோ கம்பனியின் கையடக்க வைஃபை கருவி) இலங்கை மலைநாட்டில் இருக்கும் ஹட்டனுக்குக் கொண்டுவந்து லேப்டாப்பில் வேலை பார்க்கலாமா என்று கேட்டிருந்தீர்கள், தம்பி. வேண்டாம். அது ஜியோ சிம்முக்கு மட்டும் பூட்டிய கருவி, இங்குள்ள சிம்மை ஏற்காது. பூட்டில்லாத 4ஜி ரவுட்டரோ டொங்கிளோ (சிம் போட்டு லேப்டாப்பின் யூஎஸ்பியில் குத்தும் சிறு இணையக் கருவி) இருந்தால் எடுத்து வாங்க. 1800 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை, அதாவது பேண்ட் 3, அதில் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட்டைக் காட்டி இங்கே சிம் எடுக்கலாம்.

எந்தக் கம்பனி சிம் நல்லது, டயலொக்கா, மொபிடெல்லா, ஹட்ச்சா என்று டவுனில் விசாரித்து முடிவெடுக்காதீர்கள். ஒரே தேயிலைத் தோட்டத்தில் மேல் லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) நன்றாக எடுக்கும் சிக்னல் கீழ் லயத்தில் எடுக்காது. நடுவில் ஒரு மேடு மறைத்தாலே போதும். தங்கப்போகும் வீட்டிலேயே பக்கத்து ஆட்களின் போன்களை வாங்கி, அறை அறையாகப் பாருங்கள். மாதப் பெக்கேஜை அப்புறம் போடலாம்.

போனில் தெரியும் கோடுகளை நம்ப முடியாது. பிரவுசரில் டொங்கிளின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து (ஹுவாவேயில் முகவரி பெரும்பாலும் 192.168.8.1) இரண்டு எண்களைப் பாருங்கள். ஆர்எஸ்ஆர்பி (சிக்னலின் பலம்) -90 அளவில் இருந்தால் நல்லது, -110க்குக் கீழே போனால் அறுந்து அறுந்துதான் வரும். எஸ்ஐஎன்ஆர் (சிக்னலின் தெளிவு) 10க்கு மேல் இருக்கட்டும். உச்சியில் இருக்கும் வீடுகளில் முதல் எண் அருமையாக இருந்தும் இரண்டாவது பூச்சியத்துக்குக் கீழே கிடக்கும். பல டவர்கள் ஒரே நேரத்தில் தெரிந்து ஒன்றையொன்று குழப்புவதுதான் காரணம். அப்படியானால் ஒரு டவரை மட்டும் பார்க்கும் ஜன்னலுக்கு மாற்றுங்கள்.

தகரக் கூரை சிக்னலைத் தடுக்கும். அதனால் டொங்கிளை லேப்டாப்பிலேயே குத்தி வைக்காமல் யூஎஸ்பி நீட்டிப்பு வயரில் ஜன்னலுக்குக் கொண்டுபோங்கள். 5 மீட்டருக்கு மேல் வயர் வேண்டாம். சிக்னல் குறையக் குறைய டொங்கிள் அதிகக் கரண்ட் இழுக்கும். மெல்லிய வயரில் அது போதாமல் அடிக்கடி துண்டித்து மறுபடி இணையும். தனியாக மின்சாரம் எடுக்கும் யூஎஸ்பி ஹப் போட்டால் இந்தத் துண்டிப்பு நிற்கும். வெளி அன்டெனா பொருத்தினால் ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேர இடிக்கு முன் கழற்றிவிடுங்கள்.

மழையும் மூடுபனியும் சிக்னலைக் கெடுக்கும் என்பார்கள். 1800 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் அவற்றால் பெரிய பாதிப்பில்லை. நீண்ட நேரம் கரண்ட் போய், டவரின் பேட்டரி இறங்கும்போதுதான் எல்லாமே நின்றுபோகும். அந்த நேரத்துக்கு வேறு கம்பனி சிம் ஒன்று போனில் இருக்கட்டும்.

விண்டோஸில் இந்த இணைப்பை 'மீட்டர்டு' (அளவுள்ள டேட்டா இணைப்பு) என்று குறித்துவிடுங்கள், இல்லாவிட்டால் அப்டேட்டே டேட்டாவைத் தின்றுவிடும். பெக்கேஜில் இரவு டேட்டா தனியாக இருந்தால், பெரிய டவுன்லோடுகளை அதற்கு ஒதுக்குங்கள்.