குறிப்பு நிறைய இருக்கிறது, கட்டுரை வரவில்லை

கேள்வி: டீச்சர், பள்ளி ஆய்வுக் கட்டுரைக்கு 'தேனீக்கள்' என்று தலைப்பு எடுத்தேன். ஒரு நோட்டு நிறையக் குறிப்பு சேர்ந்துவிட்டது. எழுத உட்கார்ந்தால் முதல் வரியே வரவில்லை. மூன்று வாரம்தான் இருக்கிறது. என்ன செய்வது?
- பதினோராம் வகுப்பு மாணவி

பதில்: உன் உழைப்பில் குறையே இல்லை, கண்ணு. தலைப்பு இருக்கிறது, கேள்வி இன்னும் அமையவில்லை. தேனீக்கள் என்றால் தேனும் வரும், மெழுகும் வரும், மகரந்தச் சேர்க்கையும் வரும். எதை விடுவது என்று தெரியாமல்தான் கை நின்றுபோகிறது.

நோட்டைப் புரட்டு. தேனீ நடனம் பற்றி எழுதியிருப்பாய். இரை தேடித் திரும்பிய தேனீ, செங்குத்தான அடையின் மேல் உடலை ஆட்டிக்கொண்டு ஓடும். அந்த ஓட்டம் செங்குத்துக் கோட்டிலிருந்து சாயும் கோணம், இரை இருக்கும் இடத்துக்குச் சூரியன் இருக்கும் திசையிலிருந்து எவ்வளவு விலகிப் பறக்க வேண்டும் என்று மற்றத் தேனீக்களுக்குக் காட்டும். ஆடும் நேரம் தூரத்தைக் காட்டும். இதைக் கண்டறிந்த கார்ல் வான் ஃபிரிஷ் 1973-ல் நோபல் பரிசு பெற்றார். ஆனால் 1960-களிலேயே ஏட்ரியன் வென்னர் என்ற ஆய்வாளர், தேனீக்கள் வாசனையை வைத்துத்தான் போகின்றன என்று வாதாடினார். 2005-ல் வெளியான ஆய்வில் தேனீக்களை ரேடாரில் பின்தொடர்ந்தார்கள். பெரும்பாலானவை உணவு வைத்த இடத்துக்கு அருகே நேராகப் போயின. போனபின் அங்கே வெகுநேரம் சுற்றித் தேடின.

'தேனீ வழி அறிவது நடனத்தாலா, வாசனையாலா?' பார், இது கேள்வி! எதிர்வாதம் இருக்கிறது, சான்று இருக்கிறது, நீ முடிவு சொல்லவும் இடம் இருக்கிறது. இனி தேன் வகைகள் பற்றிய பக்கங்களை மனம் கல்லாக்கிக்கொண்டு ஒதுக்கிவிடு.

அப்புறம், மிச்சக் குறிப்புகளைத் துண்டுச் சீட்டுகளில் எழுது. ஒரு சீட்டில் ஒரு செய்திதான். புத்தகப் பெயரும் பக்க எண்ணும் அப்போதே எழுதிவிட வேண்டும். கல்லூரி நாளில் நான் பக்க எண் குறிக்காமல் விட்ட ஒரு நல்ல மேற்கோளை, கடைசி இரவில் கட்டுரையிலிருந்தே நீக்கினேன். இன்றும் அந்த வருத்தம் எனக்கு உண்டு.

சீட்டுகளைத் தரையில் பரப்பி இனம் பிரி. ஒரு குவியலில் ஒரே சீட்டுதான் என்றால், அந்தப் பகுதிக்கு இன்னும் படிக்க வேண்டும், இல்லையென்றால் அது வேண்டாம். இதற்கும் விட்டுப்போன படிப்புக்கும் முதல் வாரம். இரண்டாம் வாரம் எழுது. மூன்றாம் வாரத்தைத் திருத்துவதற்கே வைத்துக்கொள். ஒரு முறையாவது சத்தமாகப் படித்துப் பார்.

முதல் வரியை இப்போது தேடாதே. முன்னுரையைக் கடைசியில் எழுதலாம். நாளைக்கே வென்னர் சீட்டுகளிலிருந்து ஆரம்பி.