ஆச்சியிடம் கேளுங்கள்: அரிசி ட்ரம்மும் உளுந்து மூட்டையும்

பிசான அறுவடை முடிந்து, புளியும் வத்தலும் புதுசாக வந்து இறங்குகிற நேரம். இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் மொத்தமாக வாங்கி வைத்ததைப் பற்றியும், வாங்கி வைத்தது கெட்டுப்போனதைப் பற்றியும்தான். மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டேன்.

ஆச்சி, விலை தோதாக இருக்கிறதென்று நாலு சிப்பம் அரிசி வாங்கி இரண்டு ட்ரம்களில் கொட்டி வைத்தோம். இரண்டே மாதத்தில் வண்டு வந்துவிட்டது. "ஒரு மாத்திரை போட்டு மூடு, பூச்சியே இருக்காது" என்கிறார்கள் பக்கத்து வீட்டில். போடலாமா?
— வாசகி, அம்பாசமுத்திரம்

போடாதே மகளே. யார் சொன்னாலும் போடாதே. அந்த மாத்திரை அலுமினியம் பாஸ்பைடு. காற்றில் இருக்கிற ஈரம் பட்டாலே அதிலிருந்து பாஸ்பீன் என்கிற விஷவாயு கிளம்பும். கிடங்குகளில் தார்ப்பாய் போட்டு மூடி, பயிற்சி பெற்றவர்கள் புழங்குகிற மருந்து அது. வீட்டில் புழங்க அனுமதியே கிடையாது. மூடிய அறையில் அந்த வாயுவைச் சுவாசித்தால் உயிர் போய்விடும், அதற்கு முறிவு மருந்தும் இல்லை. பிள்ளைகள் படுக்கிற வீட்டில் அரிசி வண்டுக்காக அதை உள்ளே கொண்டுவரவே கூடாது. போரிக் பவுடர் கலக்கச் சொல்பவர்களும் உண்டு. அதுவும் வேண்டாம்.

சரி, வண்டு எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் அரிசியோடே வந்திருக்கும். பெண் வண்டு அரிசி மணியில் துளை போட்டு, உள்ளே முட்டையை வைத்து, அந்தத் துளையை அடைத்துவிடும். வெளியே பார்த்தால் நல்ல அரிசிதான். புழு உள்ளேயே இருந்து மணியைத் தின்று, சுமார் ஒரு மாதத்தில் வண்டாக வெளியே வரும். நீ இரண்டாவது மாதம் பார்த்தது இரண்டாவது தலைமுறையாக இருக்கலாம்.

எங்கள் வீட்டில் வாரம் ஒரு தடவை, வெள்ளிக்கிழமை வீடு கழுவுவதற்கு முன்னால், ட்ரம்மைத் திறந்து கையை முழங்கை வரைக்கும் உள்ளே விடுவேன். நல்ல அரிசி உள்ளே போகப் போகக் குளுமையாக இருக்கும். நடுவில் எங்கேயாவது கை வெதுவெதுப்பை உணர்ந்தால், மேலே ஒரு வண்டுகூட கண்ணில் படாவிட்டாலும், அந்த இடத்தில் பூச்சி பெருகுகிறது என்று அர்த்தம். பூச்சிகள் கூட்டமாக மூச்சு விடுகிற சூடு அது. கையை வெளியே எடுத்து உள்ளங்கையைப் பார். கோதுமை மாவு மாதிரி மங்கலான தூள் ஒட்டியிருந்தால் ஐயமே வேண்டாம். இதை எனக்கு என் மாமியார் சொல்லிக்கொடுத்தார். குலுக்கையில் நெல் கிடந்த காலத்து ஆள் அவர்.

இப்போது நீ செய்ய வேண்டியது: முழு அரிசியையும் வெளியே எடு. சுளகில் போட்டுப் புடைத்து, சல்லடையில் சலித்து, நிழலில் பரப்பு. உச்சி வெயிலில் அரிசியைப் போட்டால் மணியில் கீறல் விழுந்து, சோறு குருணையாகிவிடும். வண்டு ஓடுவதற்கு நிழலும் காற்றும் போதும். ஆனால் மணிக்குள் இருக்கிற முட்டை ஓடாது. ஆகையால் இருபது நாள் கழித்து இன்னொரு தடவை புடைத்துவிடு. புழுங்கின வாடையோ பூஞ்சையோ இல்லையென்றால் கழுவிச் சமைக்கலாம், உடம்புக்கு ஒன்றும் செய்யாது. ட்ரம்மை நன்றாகக் கழுவி, வெயிலில் கவிழ்த்துக் காய வை. அடி மடிப்பில் பழைய அரிசி நாலு மணி ஒட்டியிருந்தால் அதிலிருந்தே மறுபடி ஆரம்பிக்கும். பழசு தீராமல் புதுசை மேலே கொட்டுகிற பழக்கம் இருந்தால் இன்றோடு விட்டுவிடு.

கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் ஒரு பூச்சிப்பொறி கண்டுபிடித்திருக்கிறார்கள். துளைகள் போட்ட குழாய், அடியில் கூம்பு மாதிரி ஒரு பகுதி. அரிசிக்குள் நேராகச் செருகி வைத்தால், காற்றைத் தேடி வருகிற வண்டு துளை வழியாக உள்ளே விழுந்து மாட்டிக்கொள்ளும். வாரம் ஒரு முறை கொட்டிவிட வேண்டும். மருந்தும் இல்லை, வாடையும் இல்லை. இவ்வளவு அரிசி வைப்பவர்கள் ஒன்று வாங்கி வைக்கலாம்.

கடைசியாக ஒரு கணக்கு. 25 கிலோ வரையிலான பைகளுக்கு ஜிஎஸ்டி என்று 2022 ஜூலையில் வந்த பிறகு, சிப்பம் 26 கிலோவாக வருகிறது இல்லையா? நாலு பேர் வீட்டில் நாளைக்கு முக்கால் கிலோ என்று வைத்தால் ஒரு சிப்பம் முப்பத்துநாலு நாள் வரும். நாலு சிப்பம் என்றால் நாலரை மாதம். பங்குனியில் வாங்கினால் ஆடிச் சாரல் வரைக்கும் உன் வீட்டில் கிடக்கும். அதற்கு ஏற்ற காய்ந்த இடம் இருந்தால் வாங்கு. இல்லையென்றால் இரண்டு சிப்பம் போதும், விலையில் மிச்சம் பிடித்ததை வண்டு தின்றுவிடும். எத்தனை சிப்பமானாலும், வாங்கும்போது நாலு மணியை வாயில் போட்டுக் கடித்துப் பார். டக்கென்று உடைய வேண்டும். பல்லில் அமுங்கினால் ஈரம் இருக்கிறது, எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம்.

சங்கரன்கோவில் பக்கம் அப்பா வீட்டிலிருந்து பதினைந்து கிலோ முழு கருப்பு உளுந்து வந்தது. இப்போது மணிக்கு மணி வட்ட ஓட்டை. நாங்கள் இருப்பது மாடிக் குடியிருப்பு, மொட்டை மாடிக்குப் போக விடமாட்டார்கள். என்ன செய்ய?
— வாசகி, பாளையங்கோட்டை

ஓட்டை விழுந்தது போனதுதான். அதைத் தண்ணீரில் போட்டால் மிதக்கும், அள்ளிக் கழித்துவிடு. மிச்சத்தைத் தட்டில் பரப்பி வெளிச்சத்தில் பார். கறுப்புத் தோலில் ஊசி முனை அளவுக்கு வெள்ளைப் புள்ளி ஒட்டியிருக்கும். சுண்ணாம்பு தெறித்தது மாதிரி இருக்கும். அது பயறு வண்டின் முட்டை. அரிசி வண்டு உள்ளே வைக்கும், இது வெளியே ஒட்டும். பல நேரம் வயலிலேயே, நெற்று முற்றுகிறபோதே தொற்றிவிடும். உன் அப்பா வீட்டில் யாரும் கவனக்குறைவாக இருந்ததாக நினைத்துக்கொள்ளாதே.

முழுசாக வைத்தால்தான் இந்த வண்டுக்குக் கொண்டாட்டம். உடைத்துவிட்டால் அதற்கு வசதி குறைவு. அதனால் பதினைந்து கிலோவையும் முழுசாக வைத்துக்கொண்டு இருக்காதே. பாதியை மில்லில் கொடுத்துத் தொலி உளுந்தாக உடைத்துவிடு. உளுந்தஞ்சோற்றுக்கும் களிக்கும் அதுதானே வேண்டும். அடுத்த தடவை ஊரிலிருந்து வரும்போதே, அங்கே தட்டட்டியில் இரண்டு நாள் நல்ல வெயில் காட்டி, சூடு ஆறின பிறகு கட்டி அனுப்பச் சொல். பயறு வகைக்கு வெயில் தாங்கும். சூட்டோடு கட்டினால் மூட்டைக்குள் வேர்க்கும், அதை மட்டும் அழுத்திச் சொல்லிவிடு.

முழு உளுந்தாக வைப்பதில் கிலோவுக்கு ஒரு டீஸ்பூன் விளக்கெண்ணெய் ஊற்றிப் பிசறி வை. மணி மேல் எண்ணெய் படிந்தால் முட்டை பொரிக்காது. ஒரு கிலோ, இரண்டு கிலோ என்றால் பையில் கட்டி ஃபிரீஸரில் நாலைந்து நாள் வைத்து எடு, முட்டையோடு சாகும். வெளியே எடுத்ததும் பையைத் திறக்காதே. அறைச் சூட்டுக்கு வந்த பிறகுதான் திறக்க வேண்டும், இல்லாவிட்டால் உளுந்து மேல் தண்ணீர் கோத்துவிடும். காய்ந்த வேப்பிலையும் நொச்சியும் போடுவது நல்லதுதான், வருகிற பூச்சி விலகும். ஆனால் உள்ளே இருக்கிற புழுவை அவை கொல்லாது.

நான் வாழ்க்கைப்பட்டு வந்த வருஷம் எங்கள் வீட்டில் துவரைக்குச் செம்மண் கட்டினார்கள். செம்மண்ணைக் குழம்பாகக் கரைத்து, துவரையைப் போட்டுப் புரட்டி, ஒரு ராத்திரி குவித்து வைத்து, பிறகு வெயிலில் காயப் போடுவது. காய்ந்ததும் சிவப்பு மணி மணியாகக் கலகலவென்று சத்தம் கேட்கும். அதை அரங்கு வீட்டில் மூட்டை கட்டி, மாதத்துக்கு வேண்டியதை மட்டும் திருகையில் உடைப்போம். அந்தப் பருப்பில் சாம்பார் வைத்தால் வாசலில் வருகிறவருக்கு மணக்கும். குடியிருப்பில் அதெல்லாம் முடியாது, தெரியும். எழுத எழுத ஞாபகம் வந்தது, சொல்லிவிட்டேன்.

2023 வெள்ளத்தில் வீட்டில் வாங்கி வைத்த சாமான் அத்தனையும் போனது. அதிலிருந்து மொத்தமாக வாங்கவே மனம் வரவில்லை. என் மனைவிக்கோ கொஞ்சமாவது வீட்டில் இருக்க வேண்டும் என்று. உங்கள் யோசனை?
— ஓய்வுபெற்ற வாசகர், திருநெல்வேலி சந்திப்பு

அண்ணாச்சி, உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். மார்கழி முதல் நாள் பிடித்த மழை அது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. எங்கள் அக்கா வீடு மீனாட்சிபுரத்தில். தண்ணீர் வடிந்த பிறகு நானும் துடைக்கப் போனேன்.

அடுக்களையில் இரண்டு ட்ரம். பாதி காலியாக இருந்தது மிதந்து கவிழ்ந்து, அரிசி முழுக்கச் சேற்றில். இன்னொன்று நிறைய இருந்ததால் நின்ற இடத்திலேயே நின்றது. மூடி வரைக்கும் தண்ணீர் ஏறவில்லை. திறந்தால் மேலே அரிசி வெள்ளை வெளேரென்று காய்ந்து கிடக்கிறது. அக்காவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. நான் வழக்கம்போலக் கையை விட்டேன். ஒரு சாண் உள்ளே போனதும் சூடு. அதற்குக் கீழே பிசுபிசுவென்று ஈரம். கையை எடுத்தால் புளித்த கழுநீர் வாடை. அடித் தையல் துருப்பிடித்திருந்த தகர ட்ரம், கீழே இருந்து தண்ணீர் குடித்திருக்கிறது. மேலே இருப்பதையாவது அள்ளுவோம் என்றாள் அக்கா. வேண்டாம் என்று நான்தான் பிடிவாதமாகக் கொட்டச் சொன்னேன். சாக்கடையும் கலந்து வந்த தண்ணீர் அது. அது தொட்ட அரிசி, பருப்பு, மாவு எதுவானாலும் காய வைத்து மீட்க முடியாது. அறுபது கிலோவைக் கொட்டும்போது அக்கா அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள்.

அந்த வீட்டில் தப்பியது பரணில் இருந்தவைதான். ஒரு மூடி போட்ட வாளியில் ஐந்து கிலோ அரிசி, புளி ஜாடி, ஓலைப்பெட்டியில் கல்லிடைக்குறிச்சி அப்பளம். மூன்று நாள் அவர்கள் சாப்பிட்டது அதைத்தான்.

ஆகவே என் யோசனை, நீங்களும் சரி, உங்கள் வீட்டம்மா சொல்வதும் சரி. வருஷம் முழுக்க ஒரே அளவு வைக்க வேண்டாம். தை முதல் புரட்டாசி வரை மனம்போல வாங்குங்கள். ஐப்பசி பிறக்கும்போது தரையில் இருப்பது ஒரு மாதச் சாமானுக்கு மேல் இல்லாதபடி குறைத்துக்கொள்ளுங்கள். அந்த மூன்று மாதமும் பரணில் தனியாக ஒரு வாளி இருக்கட்டும்: ஐந்து கிலோ அரிசி, ஒரு கிலோ பாசிப்பருப்பு, உப்பு, புளி, தீப்பெட்டி, மெழுகுவர்த்தி. பாசிப்பருப்பு சீக்கிரம் வெந்துவிடும், கேஸ் மிச்சம். பொங்கலுக்கு அந்த வாளியை இறக்கி, அந்த அரிசியைச் சமைத்துத் தீர்த்துவிடுங்கள். தரையில் வைப்பதையும் வெறும் தரையில் வைக்க வேண்டாம். இரண்டு செங்கல், மேலே ஒரு பலகை. சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்தால் ஓதமும் ஏறாது.

புது வீட்டுக்கு ஒரே மாதிரி கண்ணாடி ஜாடிகளாக வாங்கி அடுக்க ஆசை. மாமியார், எவர்சில்வர் டப்பா இருக்கும்போது எதற்கு வீண் செலவு என்கிறார்.
— புதுமணப்பெண், தென்காசி

உன் ஊரில் ஆனி, ஆடிச் சாரலில் உப்பு கசியும், அப்பளம் தொய்ந்துவிடும். ரப்பர் வளையம் வைத்த கண்ணாடி ஜாடி அதற்கு ரொம்ப நல்லது. ரவை, அப்பளம், பொடி வகைகளுக்கு ஒரு பத்து ஜாடி வாங்கிக்கொள். அரிசி, பருப்புக்கு மாமியாரின் எவர்சில்வர்தான். வெளிச்சம் படாது, விழுந்தால் உடையாது. ஜாடிகளை ஜன்னல் ஓரத்தில் மட்டும் அடுக்காதே. வெயில் பட்டால் வேர்க்கடலையும் எள்ளும் சிக்கு வாடை அடித்துவிடும். ஒவ்வொன்றின் அடியிலும் வாங்கின மாதத்தை எழுதி ஒட்டு. நான் ட்ரம்மில் சாக்பீஸால் 'பங்குனி', 'ஆவணி' என்று எழுதுவேன். மாமியாரிடம் எந்த டப்பாவில் எதை வைத்திருந்தார் என்று கேட்டுப் பார், ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் சொல்வார்.

புளி கறுத்துப் போகிறது. அலுமினியப் பாத்திரத்தில் வைத்திருக்கிறேன்.
— வாசகி, வள்ளியூர்

முதலில் பாத்திரத்தை மாற்று. புளியின் புளிப்பு அலுமினியத்தை அரிக்கும், அது நல்லதில்லை. கொட்டையும் நாரும் எடுத்து, ஒரு நாள் வெயில் காட்டி, கல் உப்பு தூவித் தூவி, மண்பானையிலோ பீங்கான் ஜாடியிலோ இடைவெளி இல்லாமல் அமுக்கி வை. நாள் போனால் கொஞ்சம் கறுக்கத்தான் செய்யும், பழம்புளி. பூஞ்சை இல்லாதவரை பயப்படாதே. நாளுக்கு 25 கிராம் செலவு என்றால் வருஷத்துக்கு ஒன்பது கிலோ, அதற்கு மேல் வாங்காதே.

உடன்குடிக் கருப்பட்டி மழைக்காலத்தில் கசிகிறது ஆச்சி.
— வாசகர், ஆலங்குளம்

ஃபிரிட்ஜில் வைக்காதே தம்பி, வெளியே எடுத்ததும் இன்னும் வேர்க்கும். முன்பு ஓலைக் கொட்டானில் போட்டு அடுப்புக்கு மேலே பரணில் வைப்போம், புகையும் சூடும் பட்டுக் கல் மாதிரி இருக்கும். இப்போது கேஸ் அடுப்பு. ஒவ்வொரு வட்டையும் தனித்தனியாகக் காகிதத்தில் சுற்றி, இறுக்கமான டப்பாவில் போட்டு, புரட்டாசி முடிவதற்குள் மூடிவிடு. கசிந்துவிட்டதைத் தூக்கிப் போடாதே. தண்ணீர் விட்டுக் காய்ச்சி, வடிகட்டிப் பாகாக வைத்துக்கொள். பத்து நாளைக்குக் காப்பிக்கு ஆகும்.