பாரசீக வாக்கியம்: தமிழ் எதுவரை துணைக்கு வரும்?

கேள்வி: பாரசீகம் படிக்கத் தொடங்கியிருக்கிறேன். தமிழைப் போலவே வினைச்சொல் கடைசியில் வருகிறது; ஆனாலும் நீண்ட வாக்கியங்களில் எந்தச் சொல் எதோடு சேர்கிறது என்பது பிடிபடவில்லை. ‘ரா’ என்பதை எங்கே போடுவது?

பதில்: ‘ரா’ குறித்து நீங்கள் அஞ்ச வேண்டியதில்லை, பெரும்பாலும் அது நம் ‘ஐ’ உருபின் வேலையைச் செய்வதுதான். ‘கெத்தாப் ஃகரீதம்’ என்றால் ‘புத்தகம் வாங்கினேன்’. ‘கெத்தாப் ரா ஃகரீதம்’ என்றால், இன்ன புத்தகம் என்று இருவருக்கும் தெரிந்த நிலையில், ‘புத்தகத்தை வாங்கினேன்’. வினையீற்றில் உள்ள ‘அம்’ பேசுபவரைக் காட்டிவிடுவதால், ‘நான்’ என்னும் பொருள் தரும் ‘மன்’ இல்லாமலும் வாக்கியம் நிறைவு பெறும்.

உண்மையான சிக்கல் பெயர்த்தொடரில் இருக்கிறது. தமிழில் அடைமொழியும் உடையவரும் முன்னே வர, பாரசீகத்தில் அவை பின்னே வருகின்றன. இரண்டையும் ‘எஸாஃபெ’ எனப்படும் ‘எ’ ஒலி இணைக்கிறது. ‘தர்-எ ஃகானெ-யெ பெதர்-எ மன் ரா பஸ்தம்’ என்னும் வாக்கியத்தைப் பாருங்கள். கதவு, வீடு, அப்பா, நான் என்று வரும் இந்த வரிசையைக் கடைசியிலிருந்து படித்தால், ‘என் அப்பா வீட்டுக் கதவைச் சாத்தினேன்’ என்று நம் வரிசை கிடைத்துவிடும். சாத்தப்பட்டது கதவுதான் என்றாலும், ‘ரா’ கதவை ஒட்டி வராமல் தொடர் முழுவதும் முடிந்த பிறகே வருவதைக் கவனியுங்கள். தமிழர்கள் பெரும்பாலும் இடறுவது இங்கேதான். மெய்யெழுத்தில் முடியும் சொற்களுக்குப் பின் இந்த ‘எ’ பொதுவாக எழுத்தில் தெரியாது. ஆகவே தொடக்கத்தில், படிக்கும் பாடத்தில் அதைப் பென்சிலால் நீங்களே குறித்துக்கொண்டு, உரக்க வாசித்துப் பழகுங்கள். தொடரின் கடைசிச் சொல்லுக்கு ‘எ’ கிடையாது.

தமிழ் கைவிடும் இடம் இன்னொன்றும் உண்டு. ‘ஷீராஸுக்குப் போக விரும்புகிறேன்’ என்பதில் ‘போக’ யாருக்கும் மாறாது. பாரசீகத்திலோ விருப்பம் முந்திக்கொள்ள, இரு வினைகளும் ஆளுக்கேற்ப மாறும்: ‘மீஃகாஹம் பெ ஷீராஸ் பெரவம்’, ‘நீ விரும்புகிறாய்’ என்றால் ‘மீஃகாஹி பெ ஷீராஸ் பெரவி’. இதை விதியாக மனப்பாடம் செய்வதைவிட, வேறு வேறு ஊர்ப் பெயர்களைப் போட்டு இந்த இரு வாக்கியங்களையும் வாய்விட்டுச் சொல்லிப் பழகுவது நல்லது.

தெஹ்ரான் பேச்சில் ‘ரா’ தேய்ந்து, ‘கெத்தாபொ ஃகரீதம்’ என்று ஒலிக்கும்; எழுத்து வடிவம் கைவந்த பிறகு அதற்குச் செவியைப் பழக்கினால் போதும்.